மூடிக்குள் வந்த சீட்டுகள்

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, வருஷம் முழுக்க ஆவி பறக்கிற ஒரு கூடம் உண்டு. வார்டுகளின் அழுக்கெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அந்தக் கூடத்தில் பத்து வருஷமாக வேலை பார்க்கிறவளைப் பெரிய டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் ‘துணியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் சம்பளம் கொடுக்கிறவரே ஒரு கணம் யோசிப்பார்.

இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வருகிற ஒவ்வொரு விரிப்பையும் மடிக்கும் முன்னால் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். முன்னொரு காலத்தில் யாரோ முன்பக்கம் மட்டும் பார்த்து மடித்ததில் ஒரு ஊசி தங்கிப்போய், நோயாளி ஒருவரின் முதுகைப் பதம் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் வார்த்தை, “புரட்டிப் பாரு”. இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவள் ஒரே ஒரு காகிதத்தை மட்டும் மூன்று வருஷம் யாரையும் புரட்டிப் பார்க்க விடாமல் ஒளித்து வைத்திருந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் புருஷன் ராணுவத்தில் சமையல்காரன். சமையல்காரன் என்றதும் சிலருக்கு உதடு ஓரமாகச் சிரிப்பு வரும். வரட்டும். முப்பத்திரண்டு பேர் எல்லை மலையின் உச்சியில் காவல் இருந்தார்கள். அடிவாரத்தில் சமையல்கூடம். சாப்பாட்டைச் சூடு தாங்குகிற டிரம்மில் அடைத்து, முதுகில் கட்டி, மூன்று மணி நேரம் ஏற வேண்டும். அதற்கென்று சுமை தூக்கும் ஆள் ஒருவன் இருந்தான். சமையல்காரனின் வேலை அடுப்போடு சரி என்றுதான் சட்டப் புத்தகம் சொன்னது.

மேலே இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம். வயர்லெஸ்ஸில் வம்பளக்கக் கூடாது என்பதால், சாப்பிட்டு முடித்ததும் ஒரு சீட்டு எழுதிக் காலி டிரம்மின் மூடிக்குள் செருகி அனுப்புவார்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், தேதி, கையெழுத்து. அதற்குக் கீழே சாப்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை. அவன் போய்ச் சேர்ந்த முதல் நாளே வந்த சீட்டு: ‘உப்பு கம்மி’. அவ்வளவுதான், ‘உப்பு’ என்பதே அவன் பெயராகிவிட்டது. ‘பருப்பில் நீச்சல் அடிக்கலாம், பருப்பைத்தான் காணோம்.’ ‘ரொட்டியைக் கொடுத்தனுப்பியதற்கு நன்றி, பங்கர் சுவர் ஒன்று இடிந்திருந்தது.’ ‘இன்று ருசியாக இருந்தது. உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?’ இதையெல்லாம் படித்துவிட்டு அவன் கோபித்துக்கொள்வான் என்று பார்த்தால், ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாமல் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்தான்.

பிறகு ஒரு நாளிலிருந்து அவனே டிரம்மைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தான். தொண்ணூற்றாறு நாள் ஏறினான். தொண்ணூற்றேழாவது நாள் பாதி வழியில் குண்டு விழுந்தது.

பெட்டி வந்தது. பெட்டிக்குள் இரண்டு ஜோடி உடுப்பு, ஒரு கரண்டி, பிஸ்கட் டப்பா. கல்யாணமாகி நான்கு வருஷம்தான், பிள்ளை குட்டி என்று எதுவும் ஆவதற்குள் ஆள் போய்விட்டான். மாமியாரும் மருமகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ‘அன்னார் தமது பணியிடத்தை விட்டு வெளியே இருந்தபோது இறந்ததால், சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் மட்டும் அனுமதிக்கப்படுகிறது.’ அதே மலையில், அதே வாரத்தில் இறந்த பீரங்கிக்காரரின் மனைவி பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். அவளுக்குச் சிறப்பு ஓய்வூதியம், ஏறக்குறைய முழுச் சம்பளம். இவளுக்கு அதில் பாதிகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நல்ல மனுஷி. “அக்கா, குண்டுக்கு ஆள் யாருன்னு தெரியுமா என்ன?” என்று இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பணம் ஒரு பக்கம். ‘பணியிடத்தை விட்டு வெளியே’ என்ற அந்த மூன்று சொல் இருக்கிறதே, அதுதான் அவள் ‘அத்தை’ என்று கூப்பிடுகிற மாமியாரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அத்தை மொத்த விற்பனைச் சந்தையில் முப்பது வருஷம் எடை போட்டவள். எழுத்து வராது, தொண்டை வரும்.

“என் பையன் என்ன ஊர் சுத்தவா போனான்? சோத்தைத் தூக்கிட்டுப் போனவன்டா! இந்த வார்த்தையை எடுக்காம நான் கண்ணை மூட மாட்டேன், எழுதி வச்சுக்கோ!” என்று கடிதம் கொண்டுவந்த தபால்காரரிடமே சண்டைக்குப் போனாள். பாவம் அந்த மனுஷன், அடுத்த வாரத்திலிருந்து தபாலை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு ஓடினார்.

மனு போட்டார்கள். ஓய்வூதிய அலுவலகத்து வாசலில் மேஜை போட்டிருக்கும் மனுக்காரர்தான் எழுதிக் கொடுத்தார். அவரே பழைய ராணுவ எழுத்தர், ஒரு கண்ணாடியை நெற்றியிலும் இன்னொன்றை மூக்கிலும் வைத்திருப்பவர். டப்பாவில் இருந்த சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி நூலால் கட்டிக் கொடுத்தாள் துணியக்கா. ‘என்ன உப்பு, இப்படி மூச்சு வாங்குகிறாய், கிழவனாகிவிட்டாயா?’ ‘வழுக்குகிறது, நாளை கைத்தடியோடு வா.’ அவன் தினமும் ஏறினான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேண்டுமாம். முதல் விசாரணையில் தள்ளுபடி. இரண்டாவதிலும் தள்ளுபடி. ‘அன்னார் மேலே போனார் என்பது தெரிகிறது. அனுப்பப்பட்டார் என்பது தெரியவில்லை’ என்று அழகாக எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். அனுப்பியவரையாவது கேட்கலாம் என்றால், மேலே தலைமையில் இருந்த இளம் அதிகாரியும் அடுத்த மாதமே அதே மலையில் இறந்துபோனார். சுமை தூக்கும் ஆளோ போன இடம் தெரியவில்லை.

“எனக்கு ஒரே ஒரு வரி போதும்மா,” என்றார் மனுக்காரர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. “‘நீ போ’ன்னு மேலதிகாரி கையால எழுதின ஒரு வரி. அது இருந்தா இந்தக் கேஸை ஊதித் தள்ளிருவேன். இல்லேன்னா மூணாவது விசாரணையோட கோப்பை மூடிடுவாங்க. அப்புறம் அந்த ஆண்டவனே மனு போட்டாலும் எடுபடாது.”

துணியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு வரி அவளிடம் இருந்தது.

ஆமாம், இருந்தது. டப்பாவில் இல்லை. அவளுடைய சேலை மடிப்புக்குள், தபால் உறையோடு இருந்தது. ‘சுமை தூக்குபவன் பாதியைக் கொட்டிவிடுகிறான். நாளை முதல் நீயே கொண்டு வா.’ கீழே அந்த இளம் அதிகாரியின் கையெழுத்து, பதவி, தேதி. எல்லாம் கச்சிதம். ஆனால் அன்று பார்த்து அவனிடம் கடிதம் எழுதத் தாள் தீர்ந்துபோயிருந்தது. அந்தச் சீட்டின் முதுகிலேயே மனைவிக்கு நாலு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டான்.

அந்த நாலு வரிதான் அவளுடைய வாயைக் கட்டிப் போட்டது.

அதற்கு முந்தைய மாதம் அவள் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். மழைக்காலம். கூரைத் தகடு ஓட்டை விழுந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நீல பிளாஸ்டிக் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம். ‘பக்கத்து வீட்டு பீரங்கிக்காரருக்கு மலைப்படி என்று சம்பளத்துக்கு மேலே பணம் கிடைக்கிறதாம். ஒரே மலைதானே, உங்களுக்கு மட்டும் ஏன் கிடையாது? கேட்டுப் பார்க்கக் கூடாதா? வாளி நிரம்பி நிரம்பி எனக்குத் தூக்கமே போச்சு’ என்று எழுதினாள். எந்தப் பெண்டாட்டியும் எழுதுகிறதுதான். குற்றமா? குற்றமில்லை என்று நீங்களும் நானும் சொல்லலாம். அவள் மனசு சொல்லவில்லை. நான் எழுதித்தானே அவர் ஏறினார், நான்தானே மேலே அனுப்பினேன் என்று மூன்று வருஷமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். அத்தைக்குத் தெரிந்தால்? மகனைத் தின்றவள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வீட்டில் எந்த முகத்தோடு ஒரு வாய் சோறு தின்பது?

இன்னொரு பயமும் இருந்தது. முதுகுப் பக்கத்தைப் படித்தால், இவன் படிக்கு ஆசைப்பட்டுத் தானாகப் போனவன் என்று அலுவலகத்துக்காரர்கள் அதையும் தள்ளிவிடுவார்கள். முன்பக்கம் கொடுப்பதைப் பின்பக்கம் பிடுங்கிக்கொள்ளும். பேசாமல் இருப்பதே மேல் என்று அவள் பேசாமலே இருந்தாள்.

மூன்றாவது விசாரணைக்கு முந்தைய நாள், கூடத்தில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த பெண் ஒருத்தி அவசரத்தில் ஒன்றைப் புரட்டாமலே மடித்து அடுக்கினாள். “புரட்டிப் பாரு” என்று வாயெடுத்த துணியக்காவுக்குக் குரல் வரவில்லை. அவளே அந்த விரிப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை. நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவர், நரைத்த மீசைக்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி. அவர் பக்கத்தில் கணக்கு அதிகாரி. சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் ஒரு சிரிப்புகூடக் கிடையாது. இந்தப் பக்கம் மனுக்காரர், அத்தை, துணியக்கா. அத்தை கையில் வழக்கம்போலத் தண்ணீர் பாட்டில். கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோகும் என்பதற்காகக் கொண்டுவருவது.

தலைவர் சீட்டுக் கட்டைப் புரட்டினார். ‘பங்கர் சுவர்’ சீட்டைப் படித்ததும் மீசை லேசாகத் துடித்தது. ஆனால் கட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், “அம்மா, நான் ரெண்டு தடவை இதைப் படிச்சிட்டேன். அவர் போனது உண்மை. யாரும் மறுக்கலை. போகச் சொல்லி உத்தரவு இருந்துச்சா? அது ஒண்ணுதான் கேள்வி.”

“சோத்துக்கு எவன்யா உத்தரவு போடுவான்?” என்று அத்தை எழுந்தாள். “பசிச்சவன் மேல இருக்கான், சமைச்சவன் கீழ இருக்கான்...”

“அத்தை, உக்காருங்க,” என்றாள் துணியக்கா.

சேலை மடிப்பிலிருந்து உறையை எடுத்தாள். “ஐயா, உத்தரவு இருக்கு. என்கிட்டதான் இருக்கு. மூணு வருஷமா நான்தான் காட்டலை.”

மனுக்காரரின் நெற்றிக் கண்ணாடி நழுவி மூக்குக் கண்ணாடி மேல் விழுந்தது. அத்தை வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் சீட்டை வாங்கி முன்பக்கத்தைப் படித்தார். கையெழுத்தைக் கோப்பில் இருந்த கையெழுத்தோடு ஒட்டிப் பார்த்தார். முகம் மாறியது. “இது போதும்மா, இது போதும்...” என்று சொல்ல ஆரம்பித்தவரை அவளே நிறுத்தினாள்.

“புரட்டிப் பாருங்க ஐயா. இல்லே, குடுங்க. நானே படிக்கிறேன்.”

படித்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது.

“‘நீ எழுதினது கிடைச்சது. நானே ஐயாகிட்ட கேட்டேன், என்னை மேல அனுப்புங்கன்னு. முன்பக்கம் பாரு, சரின்னுட்டார். மேல ஏறுற நாளுக்கெல்லாம் படி உண்டாம். ரெண்டு மூணு மாசம் பொறுத்துக்கோ, தகடு மாத்திடலாம். இனிமே உன் நீல வாளிக்கு வேலை இருக்காது. அம்மாகிட்ட மலை ஏறுறேன்னு சொல்லிடாதே, கத்தும்.’”

படித்து முடித்துவிட்டுச் சீட்டை மேஜையில் வைத்தாள். அத்தை பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கணக்கு அதிகாரி சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். “சார், இதுல அவரே கேட்டுப் போனதா இருக்கு. படிக்காகப் போயிருக்கார். இது தன் விருப்பம். உத்தரவுன்னு எப்படி எடுத்துக்கிறது?”

அவ்வளவு நேரம் உடைந்து உடைந்து பேசியவளுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. “ஆமா ஐயா, காசுக்காகத்தான் போனார். வீடு ஒழுகுச்சு, போனார். நீங்க இந்த நாற்காலியில எதுக்காக உக்காந்திருக்கீங்க? சம்பளத்துக்குத்தானே? நாளைக்கு இந்தக் கூரை இடிஞ்சு உங்க தலையில விழுந்தா, ‘காசுக்கு ஆசைப்பட்டுத்தானே ஆபீசுக்கு வந்தாரு’ன்னு உங்க சம்சாரத்துக்கு எழுதி அனுப்புவாங்களா? படிக்குன்னுதான் ஏறினாரு. அந்தப் படியைக்கூட நீங்க குடுக்கலை. அவரு உயிரோட இருக்கும்போதே போட்ட மனுவை, சமையல்காரனுக்கு மலைப்படி கிடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அதுக்கப்புறமும் இறங்கலையே அவரு! மேல முப்பத்திரண்டு பேருக்குப் பசிக்கும்னு ஏறிக்கிட்டேதானே இருந்தாரு!”

கணக்கு அதிகாரி பேனாவை எடுத்து மூடி, எடுத்து மூடி வைத்தார்.

தலைவர் அவரைப் பார்த்துக் கேட்டார், “நீங்க இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கினவர்தானே?”

“ஆமா சார்... அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு...”

“கேட்டு வாங்கினதால அது உத்தரவு இல்லைன்னு ஆயிடுமா? கேட்டாலும் கேக்காட்டியும், கையெழுத்துப் போட்டா உத்தரவு உத்தரவுதான். எழுதுங்க.”

வெளியே வந்தார்கள். மனுக்காரர், “மூணு வருஷம் என்னை வெயில்ல காய வச்சிட்டியேம்மா!” என்று திட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேருந்தில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அத்தை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சந்தையில் நான்கு கடை தள்ளிக் கேட்கிற தொண்டை அது. அது இன்று ஊமையாகிப் போனதைத் துணியக்காவால் தாங்க முடியவில்லை. திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

“அத்தை, ஏதாவது சொல்லுங்க. அடிச்சாக்கூடச் சரி.”

அத்தை பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். பாட்டிலை அவளிடம் நீட்டினாள்.

“அது யாரு வீடு?” என்றாள்.

“உங்க வீடு.”

“என் வீடுதானே ஒழுகுச்சு? அப்ப நான்ல அவனைக் கேட்டிருக்கணும். எனக்கு எழுத வராது, நீ எழுதினே. அவ்வளவுதான்.” கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தாள். “மூணு வருஷமா இதை ஒத்தையா சுமந்தியாடி? சொல்லியிருந்தா நான் பாதி தூக்கியிருக்க மாட்டேனா?” என்றாள். அதற்கப்புறம் இறங்குகிற இடம் வரைக்கும் இரண்டு பேரும் அழுதார்கள். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே இல்லை.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. ‘பணியிடத்தை விட்டு வெளியே’ என்பது அடிக்கப்பட்டு, ‘கட்டளைப்படி பணியில் இருந்தபோது’ என்று இருந்தது. அத்தை மருமகளிடம் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லி, தபால்காரரை உள்ளே கூப்பிட்டு, இன்னொரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அவரும் பயந்து பயந்து படித்தார். சிறப்பு ஓய்வூதியம் அனுமதி. அசல் சீட்டு கோப்போடு போய்விட்டது, நகல் மட்டும் அனுப்பியிருந்தார்கள். முன்பக்கத்தை மட்டும்தான் நகல் எடுத்திருந்தார்கள். பின்பக்கம் சொந்த விஷயமாம்! போகட்டும், அது அவளுக்கு மனப்பாடம்.

அதே உறையில் எதிர்பாராத இன்னொரு தாளும் இருந்தது. மேலே போனது உத்தரவின்படி என்று ஆகிவிட்டதால், ஏறிய தொண்ணூற்றாறு நாளுக்கும் மலைப்படி கொடுத்தாக வேண்டும் என்று அந்தக் கணக்கு அதிகாரியே தன் கைப்பட எழுதியிருந்தார். பெரிய தொகை ஒன்றுமில்லை. விலைவாசி ஏறிய ஏற்றத்தில் கூரை முழுக்க மாற்றக் காணாது. கட்டிலுக்கு மேலே, வாளி நிற்கிற இடத்துக்கு நேராக நாலு தகடு மாற்றத்தான் சரியாக வந்தது. மாற்றினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. முதல் சத்தம் தகட்டில் விழுந்ததும் துணியக்கா அடுப்படியிலிருந்து ஓடிப்போய் நீல வாளியை எடுத்து வந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, நின்றாள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாளியில் ஒரு சொட்டு விழவில்லை.

அத்தை கட்டிலில் படுத்தபடியே சொன்னாள், “ஒழுகலைடி. எடுத்து உள்ள வை.”

“இருக்கட்டும் அத்தை.”

அவள் வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே கையை விட்டு, அடியைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. மழை விடுகிற வரைக்கும் அவள் கையை வெளியே எடுக்கவில்லை.